அப்பாகிட்ட கடைசி காலத்த பத்தி எப்படி பேச்செடுக்கறது? வாயத் தொறந்தாலே எந்திரிச்சு போயிடறாரு

சென்னிமலை_தறி

வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு தான் எழுதறேன். அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு. காலம் பூரா தறிப் பட்டறைல பஞ்சுத் தூசிய முழுங்கி நுரையீரல் பாதி போச்சு, பீடி வேற. டாக்டர் சிஓபிடிங்கறாரு, மூச்சுக்குழாய் அடைச்சுக்கற தீராத வியாதியாமா. வீட்ல ஆக்சிஜன் மெஷின் ஓடுது. போன மழைக்காலத்துல ஐசியூ வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்தாரு. அப்ப டாக்டர் என்னைய தனியா கூப்பிட்டு, அடுத்த தடவ இப்படி வந்தா வென்டிலேட்டர் போட வேண்டி வரும், போட்டா எடுக்கறது கஷ்டம், வீட்ல பேசி வெச்சுக்கங்கன்னாரு.

அவரு சொல்லிட்டாரு. யாருகிட்ட பேசறது? அப்பாகிட்ட ஆரம்பிச்சா டிவி சத்தத்த கூட்டிக்கறாரு, இல்லைனா எந்திரிச்சு வாசலுக்கு போயிடறாரு. அம்மாகிட்ட சாயங்காலம் பேசுனா வெளக்கு வெக்கற நேரத்துல என்ன பேச்சுங்கறாங்க, காலைல பேசுனா வெள்ளிக்கெழமையும் அதுவுமாங்கறாங்க. அண்ணன் சார்ஜால இருக்கறான், எவ்வளவு செலவானாலும் நான் பாத்துக்கறேன் நீ பாசிட்டிவா இருங்கறான். அக்கா போன எடுத்ததுமே அழுதுடறா.

இதுல காடு ஒரு ரெண்டு ஏக்கரா இருக்குது, பத்திரம் எங்கேன்னு அப்பாவுக்கு மட்டும் தான் தெரியும். பேங்க்ல என்ன இருக்குது, யாருக்கு கைமாத்து குடுத்திருக்காரு, ஒண்ணும் அம்மாவுக்கு தெரியாது. நான் கேட்டா இப்பவே பங்கு கேக்கறான்னு சொந்தத்துல பேசிருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க. நீங்கெல்லாம் வீட்ல எப்படி ஆரம்பிச்சீங்க?

சும்மா_வந்தேன்

ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, உயிரோட இருக்குற மனுஷன்கிட்ட போய் நீங்க செத்தா என்ன பண்ணன்னு கேக்குறது நம்ம பழக்கமே இல்ல. இதெல்லாம் வெள்ளக்காரன் பழக்கம், அவன் பதினெட்டு வயசுல வீட்ட விட்டு போறவன், அவனுக்கு பேப்பர்ல எழுதி வைக்கணும். நமக்கு பிள்ளைங்க இருக்கோம். அந்த நேரம் வந்தா பாத்துக்கலாம். இப்ப அவர சந்தோஷமா வச்சுக்கங்க, பிடிச்சத சமைச்சு போடுங்க, அது போதும்.

மாடக்குளத்துக்காரி

நம்ம பழக்கம் இல்லைன்னு யாரு சொன்னா உங்களுக்கு? எங்க அப்பத்தா சாகுறதுக்கு பல வருஷம் முன்னாடியே தன்னைய எந்தச் சேலைல கொண்டு போகணும்னு எடுத்து டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சிருந்துச்சு. யாரு கொள்ளி வைக்கணும், எந்தப் பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கணும், கொட்டுக்காரவுகளுக்கு காசு கொறைக்கக் கூடாது, மூத்த மருமக ஒப்பாரி வைக்கத் தெரியாதவ அவள யாரும் திட்டக் கூடாது, எல்லாம் சொல்லும். நித்தம் காலைல காபி குடிக்கும் போதே கெடைல விழாம போயிரணும்னு ஒரு தடவ சொல்லிரும். பெருசுக பேசிக்கிட்டே தான் இருக்காக. ஏன் அப்பத்தா இப்படி பேசுறன்னு வாயப் பொத்துறது நம்ம தான்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். அப்பத்தா சொன்னது பூரா மூச்சு நின்ன பின்னாடி நடக்குற சமாச்சாரம். நீர்மாலைல இருந்து கருமாதி வரைக்கும் யாரு எங்க நிக்கணும்னு நம்மள்ள எழுதாத சட்டம் இருக்கு, தாய்மாமன் கோடி போடாம பொணத்த தூக்க விட மாட்டாய்ங்க. மூச்சு நிக்கிறதுக்கு முன்னாடி இருக்கே ஒரு பத்து இருபது நாளு, அதுக்கு ஒரு முறையும் கெடையாது. அப்பத்தா காலத்துல அந்த இருபது நாளே இல்ல, ரெண்டு நாளு கஞ்சி எறங்காது, பாலு ஊத்துவாக, முடிஞ்சிரும். இப்ப ஐசியூ வந்து அத நீட்டிருச்சு. அங்க யாரு முடிவெடுக்கணும்னு மாமனுக்கும் தெரியாது பங்காளிக்கும் தெரியாது. அதத்தான் தறித் தம்பி கேக்குறாரு, இதுல வெள்ளக்காரன் எங்க வந்தான்?

நைட்டூட்டி_சிஸ்டர்

நான் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். கொஞ்சம் பெருசா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

டாக்டர் உங்ககிட்ட முன்கூட்டியே சொன்னது பெரிய விஷயம், நிறைய பேர் சொல்றதே இல்ல. வழக்கமா என்ன நடக்கும்னா நடுராத்திரி மூச்சுத் திணறலோட வருவாங்க, டியூட்டி டாக்டர் ஒரு ஃபார்ம நீட்டி டியூப் போடணும் கையெழுத்து போடுங்கன்னு சொல்லுவாரு, அந்த நேரத்துல யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க போடுவாங்க. பாதி நேரம் அது பக்கத்து வீட்டு பையனாவோ மாப்பிள்ளையாவோ இருக்கும். ஒரு வாரம் பத்து நாள்ல டியூப் எடுக்க முடியலைனா தொண்டைல ஓட்ட போட்டு ட்ரக்கியாஸ்டமி பண்ணலாமான்னு கேப்பாங்க. மூக்கு வழியா ரைல்ஸ் டியூப்ல கஞ்சி போகும். டியூப பிடுங்கிடுவாங்கன்னு சில பேருக்கு கையக் கட்டி வைப்போம். இதையெல்லாம் பயமுறுத்த சொல்லல, நிமோனியாவுல வர்ற முப்பது வயசுக்காரருக்கு இதே வென்டிலேட்டர் தான் உயிர காப்பாத்தும். மெஷின் மேல தப்பு இல்ல, யாருக்கு எதுக்காக போடுறோம்ங்கிறது தான் கேள்வி.

அப்புறம் இந்த வெளியூர் பிள்ளை. உங்க அண்ணன சொல்லல, பொதுவா சொல்றேன். பக்கத்துல இருந்து மலம் அள்ளிப் போட்ட பொண்ணு, டாக்டர் போதும் அப்பாவ கஷ்டப்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டு நிக்கும். விமானம் பிடிச்சு வந்து இறங்குற மகன் எல்லாமே பண்ணுங்கன்னு சத்தம் போடுவாரு. அவர் கெட்டவர் இல்ல, இத்தன வருஷம் பக்கத்துல இல்லாத குத்த உணர்ச்சிய ரெண்டு நாள்ல தீர்க்கப் பாக்குறாரு. ஆனா அவர் சத்தத்துக்கு பயந்து தான் நிறைய முடிவு நடக்கும்.

இன்னொன்னு, நம்ம ஊர்ல நடக்குற ஒரு கூத்து. காசு தீர்ந்து போச்சு இல்ல உயிர் வீட்ல போகணும்னு, டாக்டர் அட்வைஸுக்கு எதிரா கூட்டிட்டு போறோம்னு எழுதி கையெழுத்து போட்டு, ஆம்புலன்ஸ்ல ஆம்பு பேக்க, அதாவது கையால அமுக்கி மூச்சு குடுக்குற பைய, அமுக்கிக்கிட்டே வீடு வரைக்கும் கொண்டு போவாங்க. திண்ணைல இறக்கி வச்சதும் பேக்க எடுத்துடுவாங்க. அந்த மனுஷனுக்கு வலிக்கு மருந்து இல்ல, மூச்சுத் திணறலுக்கு மருந்து இல்ல, ஒரு நர்ஸ் கூட இல்ல. வீட்ல போகணும்ங்கிற ஆசை நியாயமானது, அத செய்யிற விதம் தான் கொடுமை. அதையே முன்னாடி பேசி வச்சிருந்தா பாலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் தவிப்பையும் குறைக்கிற சிகிச்சை குடுக்குற ஆளுங்கள வச்சு மருந்தோட, நிம்மதியா செய்யலாம்.

அதனால அப்பாகிட்ட சாவ பத்தி கேக்காதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க. உங்களால பேச முடியாம போனா டாக்டர் யார் பேச்ச கேக்கணும்? அது ஒண்ணு தெரிஞ்சா மத்ததெல்லாம் அந்த ஆள்கிட்ட அவரே கொஞ்சம் கொஞ்சமா சொல்லுவாரு.

சும்மா_வந்தேன்

சிஸ்டர் மரியாதையோட கேக்குறேன். நான் விருதுநகர் பக்கம். எங்க ஊர்ப் பக்கம் தலைக்கூத்தல்னு ஒண்ணு இருந்துச்சு, இன்னும் எங்கயாவது நடக்குதுன்னு தான் சொல்றாங்க. படுத்த படுக்கையா கிடக்குற பெருசுக்கு விடிய விடிய எண்ணெய் தேச்சு குளிப்பாட்டி, இளநீ குடுத்து குடுத்து, காய்ச்சல் வந்து ரெண்டு நாள்ல போயிடும். கேட்டா அவங்களே போகணும்னு சொன்னாங்கன்னு சொல்லுவாங்க. நீங்க சொல்ற வென்டிலேட்டர் வேணாம் சமாச்சாரம் அதுல இருந்து எப்படி வேற? பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டா நல்லதாயிடுமா? சொத்துக்காக மகனுங்க கையெழுத்து வாங்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? நான் பேச வேணாம்னு சொல்றது இதனால தான், பண்பாடுன்னு சொன்னத விடுங்க.

மாடக்குளத்துக்காரி

இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல, நல்ல கேள்வி.

பத்திர_ஆபீஸ்_வாசல்

நான் பத்திரம் எழுதுறவன், பதிவுத்துறை அலுவலகத்துக்கு எதிர்ல தான் பிழைப்பு. மேல கேட்டவர் பயம் நியாயம். சுப்ரீம் கோர்ட்டும் அதே பயத்துல தான் இத்தனை கட்டுப்பாடு வச்சுச்சு.

2011ல அருணா ஷான்பாக் வழக்கு, மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ், 1973ல தாக்கப்பட்டு நினைவு தப்பி 2015 வரைக்கும் அதே ஆஸ்பத்திரில இருந்தாங்க. அந்த வழக்குல தான் மொதல்ல சில நிபந்தனையோட உயிர்காக்கும் சிகிச்சைய நிறுத்தலாம்னு வாசல் திறந்துச்சு. 2018 மார்ச் 9ந்தேதி காமன் காஸ்ங்கிற அமைப்பு போட்ட வழக்குல அஞ்சு நீதிபதி பெஞ்ச், கண்ணியமா சாகுறதும் வாழுற உரிமைல சேர்ந்தது, ஒருத்தர் முன்கூட்டியே தனக்கு எந்த சிகிச்சை வேணாம்னு எழுதி வைக்கலாம்னு சொல்லுச்சு. லிவிங் வில்னு சொல்றது இதைத்தான். அப்ப முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கையெழுத்து போடணும்னு இருந்ததால அதிகம் பேரால செய்ய முடியல. 2023 ஜனவரில அத மாத்தி, ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போட்டு நோட்டரி இல்ல கெஜடட் ஆபீசர் சான்று வாங்குனா போதும்னு ஆக்கிட்டாங்க. தனக்காக முடிவு சொல்லப் போறவங்க பேரையும் அதுல எழுதணும், ஒருத்தருக்கு மேலயும் போடலாம். எப்ப வேணா எழுத்துல ரத்து பண்ணிக்கலாம்.

இப்ப தலைக்கூத்தல் கேள்விக்கு வர்றேன். இந்தப் பேப்பர காட்டி மகன் நெனச்சா மெஷின நிறுத்த முடியாது. குணமாக வாய்ப்பு இல்லாத நிலைன்னு சிகிச்சை பாக்குற டாக்டரும், அஞ்சு வருஷமாவது அனுபவம் உள்ள ரெண்டு நிபுணரும் சேர்ந்த குழு சொல்லணும். அப்புறம் மாவட்ட தலைமை மருத்துவ அதிகாரி சொல்ற டாக்டரும் இருக்குற இன்னொரு குழு அதே முடிவுக்கு வரணும். முடிவ மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தெரியப்படுத்தணும். ஊசி போட்டு கொல்றது நம்ம நாட்டுல இன்னைக்கும் குற்றம் தான். அங்க மத்தவங்க சேர்ந்து பெருசுக்கு முடிவு கட்டுறாங்க, இங்க அவரே புத்தி தெளிவா இருக்கும்போது தனக்கு முடிவு பண்றாரு. அவர் எழுதாம விட்டா தான் மகனுங்க கைக்கு போகுது.

கர்நாடகாவுல 2025 ஜனவரில இத நடைமுறைப்படுத்த அரசாங்கமே உத்தரவு போட்டாங்க. நம்ம பக்கம் நோட்டரிகிட்ட போனா அவரே இது என்னப்பான்னு முழிப்பாரு, விளக்கிச் சொல்ல தயாரா போங்க.

ஸ்கார்பரோ_பெடியன்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இருக்கிறது ரொறன்ரோவில. இஞ்ச ஒன்ராறியோவில எங்களுக்காக வைத்திய முடிவு எடுக்கிற ஆள முன்னமே எழுதி வைக்கலாம், ரெண்டு சாட்சி போதும், நோட்டரியும் தேவையில்ல. எழுதாட்டி சட்டமே ஒரு வரிசை வைச்சிருக்கு, மனுசி அல்லது புருசன், பிறகு பிள்ளையள் எண்டு. பிள்ளையள் எல்லாருக்கும் சம உரிமை, அங்கதான் சண்டையே. எங்கட ஆக்களுக்க இந்தக் கதை எடுத்தாலே வாய வைக்காத எண்டு தான் சொல்லுவினம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆஸ்பத்திரில மொழிபெயர்த்தது எனக்கு மருமகள் முறையான பதினாலு வயசுப் பிள்ளை. டொக்டர் சொன்ன கடைசி வசனத்த அந்தப் பிள்ளை அம்மாவுக்குச் சொல்லவே இல்ல, வேற என்னவோ சொல்லிச்சு. அதுக்குப் பிறகு தான் நானும் மனுசியும் எங்கட பேப்பர எழுதினனாங்கள். தம்பி, முதல்ல உம்மடைய பேப்பர நீர் எழுதும், எழுதிப்போட்டு அப்பாவிட்ட காட்டும். இளம் ஆள் எழுதினா அது சகுனப்பிழை ஆகாது.

சென்னிமலை_தறி

எல்லாருக்கும் நன்றிங்க. சிஸ்டர் சொன்ன கேள்வி நல்லா இருக்குது, அத எப்ப கேக்கறதுன்னு பாக்கறேன். சொத்து சமாச்சாரம் தான் இன்னும் வயித்த கலக்குது. பத்திரம் எழுதறவரு அண்ணா, நாமினி போட்டாச்சுன்னு அப்பா ஒரு தடவ சொன்னாரு, அப்ப உயில் வேணாங்களா?

பத்திர_ஆபீஸ்_வாசல்

வேணும். இங்க தான் முக்கால்வாசி பேர் ஏமாறுறாங்க. நாமினி பணத்த வாங்கி வச்சிருக்குற ஆள் தான், சொந்தக்காரர் இல்ல. சுப்ரீம் கோர்ட் 2023 டிசம்பர்ல கம்பெனி ஷேர் விஷயத்துலயும் இதையே சொல்லிடுச்சு. இன்சூரன்ஸ்ல மட்டும் 2015 திருத்தத்துக்கு அப்புறம் பெத்தவங்க, கணவன் மனைவி, பிள்ளைங்கள நாமினியா போட்டிருந்தா பணம் அவங்களுக்கே. பேங்க் அக்கவுண்ட்ல 2025 நவம்பர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம், ஆனா பாகம் யாருக்குங்கிற சண்டைய அது தீர்க்காது.

உயில் இல்லாம இந்து ஆண் ஒருத்தர் போனா, அவர் சொந்தமா சம்பாதிச்ச சொத்து மனைவி, மகன், மகள், அவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்க, எல்லாருக்கும் சமம். கல்யாணம் ஆன பொண்ணுக்கு இல்லைன்னு டீக்கடைல சொல்றத நம்பாதீங்க. பூர்வீக சொத்துலயே தமிழ்நாட்டுல 1989ல கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு குடுத்தாச்சு, 2005ல நாடு முழுக்க எல்லா பொண்ணுக்கும் ஆயிடுச்சு. அம்மாவுக்கு வீடு கடைசி வரைக்கும் இருக்கணும்னு அப்பா நெனச்சா அத உயில்ல எழுதினா தான் உண்டு. இல்லைனா அம்மா பிள்ளைங்ககிட்ட கையெழுத்துக்கு நிக்கணும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேணாம், வெள்ளைத் தாள் போதும். ரெண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம். பதிவு கட்டாயம் இல்ல, ஆனா பண்ணிடுங்க, பின்னாடி இது அவர் கையெழுத்தே இல்லைன்னு எவனாவது கிளம்புவான். உயில்ல பாகம் வாங்குறவங்கள சாட்சியா போடாதீங்க. டாக்டர்கிட்ட புத்தி தெளிவா இருக்காருன்னு அதே தேதில ஒரு சர்டிபிகேட் வாங்கி கூட வைங்க.

அப்புறம் அப்பா பாஸ்புக்க ஒரு தடவ வாங்கி மே மாசக் கடைசிய பாருங்க. 436 ரூபா பிடிச்சிருந்தா அது பிரதமர் ஜீவன் ஜோதி, 2 லட்சம் இன்சூரன்ஸ். ஆனா அது 55 வயசு வரைக்கும் தான், அப்பாவுக்கு இருக்காது, உங்க அக்கா மாமா, உங்க கணக்குல இருக்கும். வீட்ல யாருக்கும் தெரியாம அந்தக் காசு கேக்காமலே போன குடும்பம் எத்தனையோ பாத்துட்டேன். பழைய கணக்கு ஏதாவது மறந்து போயிருந்தா ரிசர்வ் பேங்க் 2023ல உத்கம்னு ஒரு தளம் ஆரம்பிச்சிருக்கு, உரிமை கோராத டெபாசிட்ட அங்க பேர் போட்டு தேடலாம்.

ஹாஜா_கீழக்கரை

சகோ, எங்க மார்க்கத்துல உயில் மூலமா மூணுல ஒரு பங்குக்கு மேல எழுத முடியாது, மத்தது வாரிசுகளுக்கு கணக்குப்படி போயிடும், அதனால உயில் சண்டை கம்மி. ஆனா கடன் முக்கியம். சொத்த பிரிக்கிறதுக்கு முன்னாடி மையித்தோட, அதாவது மவுத்தானவரோட, இறந்தவரோட கடன அடைக்கணும். அடக்கத்துக்கு முன்னாடி நடக்குற ஜனாஸா தொழுகைக்கு முன்னாடி வாரிசு ஒருத்தர் எழுந்து, எங்க வாப்பா யாருக்காவது கடன் தரணும்னா எங்ககிட்ட சொல்லுங்கன்னு கூட்டத்துல அறிவிப்பாங்க. எங்க வாப்பா ஒரு சின்ன டைரி வச்சிருந்தாங்க, குடுக்க வேண்டியது பச்சை மையில, வர வேண்டியது நீல மையில. பச்சைய எல்லாம் அடைச்சுட்டோம். நீலத்துல பாதி பேர் எங்க மூஞ்சிய பாக்குறதே இல்ல, அது வேற கதை. உங்க அப்பா கைமாத்து குடுத்திருக்காருன்னு சொன்னீங்கள்ல, சொத்துன்னு பேச்செடுக்காதீங்க, யாருக்காவது நாம தர வேண்டியது இருக்காப்பான்னு கேளுங்க. மானமுள்ள மனுஷன் அதுக்கு கண்டிப்பா பதில் சொல்லுவாரு, அதுல இருந்து மத்தது தானா வரும்.

சுப்புலட்சுமி_பாட்டி

நான் இந்தப் பக்கத்து ஆள். அதாவது சாகப் போற பக்கம். வயசு எழுபத்தொண்ணு. பிள்ளைங்க பேச மாட்டேங்குறாங்கன்னு நாங்க புலம்புறோம், பெத்தவங்க பேச மாட்டேங்குறாங்கன்னு நீங்க புலம்புறீங்க, நல்ல வேடிக்கை. அவர் போனப்ப எனக்கு ஏடிஎம் கார்டு நம்பர் கூட தெரியாது. பென்ஷன் புத்தகத்துல என் பேர் ஒரு எழுத்து மாறி இருந்ததுக்கு குடும்ப பென்ஷன் மாசக்கணக்குல நின்னு போச்சு. அதனால நானே எல்லாம் எழுதிட்டேன். கணக்கு எல்லாத்தையும் மூத்த பொண்ணு பேரோட சேத்து, ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம், ஒருத்தர் போனா இன்னொருத்தருக்குன்னு மாத்தியாச்சு. நகை எது யாருக்குன்னு ஒரு ஒரு டப்பாவுலயும் சீட்டு. அடகுல இருக்குற ரெண்டு வளையல் சீட்டும் அதே டப்பாவுல.

ஆஸ்பத்திரி விஷயத்துல நான் எழுதினது இது தான். என்னை அடையாளம் தெரிஞ்சு பேசுற நிலைமைக்கு திரும்ப வர மாட்டேன்னு டாக்டர்கள் சொன்னா தொண்டைல குழாய் வேண்டாம், நெஞ்ச அமுக்கி எழுப்ப வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம். வலிக்கும் மூச்சுக்கும் மருந்து வேணும், எவ்வளவு ஆனாலும். வாய் உலர விடாதீங்க. காலுடைஞ்சா, காய்ச்சல் வந்தா, நல்லாகுற வியாதின்னா எல்லா வைத்தியமும் பாருங்க, நான் ஒண்ணும் அவசரத்துல இல்ல. சின்ன மகன் படிச்சுட்டு ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் வந்து வாய் உலர விடாதீங்கன்னா என்னம்மான்னு கேட்டான், ஈரப்பஞ்சு வச்சு தொடைக்கிறத சொல்லிக் குடுத்தேன்.

கண்ணு தானம் எழுதிக் குடுத்திருக்கேன். கார்டுல கையெழுத்து போட்டா மட்டும் நடக்காது, அந்த நேரத்துல வீட்ல இருக்குறவங்க போன் பண்ணணும், ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். அது வரைக்கும் ஃபேன நிறுத்திட்டு கண்ண மூடி ஈரப்பஞ்சு வைக்கணும். இத வீட்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன், மருமகனுக்கும்.

தம்பி, உங்க அப்பா எழுந்து போறார்னா பயத்துல போகலாம், கோவத்துல இல்ல. எதுக்கு பயம்னு பாருங்க.

சென்னிமலை_தறி

பாட்டி சொன்னது சரியா இருந்துச்சுங்க. வந்து சொல்லணும்னு தோணுச்சு.

நேத்து ராத்திரி எங்க பக்கம் கரண்ட் போயிருச்சு. ஆக்சிஜன் மெஷின் நின்னு போச்சு, சிலிண்டர மாத்தி குடுத்துட்டு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். இருட்டுல மூஞ்சி தெரியாததால இருக்கும், அவரே ஆரம்பிச்சாரு. அந்த ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டுல ஒருத்தன் குழாயோட கெடந்தான்ல, அவன் கண்ணு மட்டும் என்னையே பாத்துட்டு இருந்துச்சு, எனக்கு அந்தக் குழாய் வேண்டாம்டா. நான் சரிங்கப்பான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, அதுக்காக இங்க கெடந்து மூச்சு முட்டி சாக உட்டறாதீங்கன்னாரு. அவருக்கு சாவு பயம் இல்லீங்க, மூச்சு முட்டற பயம். எத்தனையோ மாசமா அந்த ஒண்ணு தான் அவரு மனசுல ஓடிட்டு இருந்திருக்குது.

சிஸ்டர் சொன்ன கேள்விய அப்ப கேட்டேன். டாக்டர் யாரு பேச்சக் கேக்கணுங்கப்பான்னு. அக்கா பேரச் சொல்லிட்டாரு. பக்கத்துலயே இருந்து பாக்கறது நான். உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஏனுங்கப்பா அக்கா எதுக்கெடுத்தாலும் அழுகறாளேன்னேன். அவ அழுதுட்டே செய்வாடா, நீ அழாம நின்னுருவே, பெரியவன் சத்தம் போடுவான்னாரு. மூணு பேரையும் இத்தனை நாளா எடை போட்டு வெச்சிருக்காரு மனுஷன்.

காட்டுப் பத்திரம் அரிசி அண்டாவுக்கு அடில இருக்குதாமா. கைமாத்து ரெண்டு பேருக்கு நாம தரணுமாமா, ஹாஜா பாய்க்கு நன்றி.

இப்ப ரெண்டு கேள்விங்க. குழாய் வேண்டாம்னா மூச்சு முட்டாம இருக்க என்ன வழி? அண்ணன்கிட்ட சொன்னதுக்கு நீயும் அக்காவும் சேந்து அப்பாவ கொல்லப் பாக்கறீங்களான்னு போன வெச்சுட்டான், அவன என்ன பண்றது?

நைட்டூட்டி_சிஸ்டர்

முதல் கேள்விக்கு. குழாய்க்கும் ஒண்ணுமே இல்லாததுக்கும் நடுவுல நிறைய இருக்கு. பைபாப்னு ஒரு மெஷின், தொண்டைல எதுவும் போகாது, மூக்கு வாய் மேல மாஸ்க் மட்டும். சிஓபிடிக்கு அது ரொம்பவே உதவும், நிறைய பேர் அதுலயே தேறி வீட்டுக்கு போறாங்க. வேணாம்னா கழட்டிடலாம். அதனால குழாய் வேணாம், மாஸ்க் ஓகேன்னு பிரிச்சு எழுதுங்க. ஒண்ணுமே வேணாம்னு மொட்டையா எழுதினா அவசரத்துல எங்களுக்கே புரியாது.

மூச்சு முட்டுற உணர்ச்சிக்கு குறைஞ்ச அளவு மார்ஃபின் கொடுப்பாங்க. பேரக் கேட்டதும் போதை மருந்துன்னு பயப்படுவாங்க, சரியான அளவுல பாலியேட்டிவ் டாக்டர் கொடுத்தா அது மூச்ச நிறுத்தாது, மூச்சுக்காக போராடுற அந்தத் தவிப்ப குறைக்கும். முகத்துக்கு நேரா ஒரு சின்ன ஃபேன் வைங்க, இது கேக்க சாதாரணமா இருக்கும், நிஜமாவே உதவும். சாய்ஞ்சு உக்காரும்படி தலகாணி. மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசு திட்டத்துல பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர குடுத்து வைங்க, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரில மார்ஃபின் பத்தி கேளுங்க. வழக்கமா பாக்குற லோக்கல் டாக்டர்கிட்டயும் சொல்லி வைங்க. வீட்ல இறந்தா அவர் வந்து பாத்து காரணம் எழுதிக் குடுக்கணும், அது இல்லாம இறப்பு பதிவுல அலைய விடுவாங்க. 21 நாளைக்குள்ள பதியணும்.

அண்ணன்கிட்ட நீங்க விளக்காதீங்க. நீங்க எது சொன்னாலும் தம்பி சொல்றான்னு தான் கேப்பாரு. அடுத்த செக்கப்புல டாக்டர் ரூம்ல இருந்தே வீடியோ கால் போடுங்க, அப்பா பக்கத்துல உக்காந்திருக்கட்டும். அப்பா வாயால குழாய் வேணாம்னு அவர் கேக்கணும். மெஷின்ல போட்ட பிறகு முடிவு எடுக்குறது தான் கஷ்டம்னு டாக்டர் சொல்லட்டும். அப்பவும் அண்ணன் ஒத்துக்கலைனா, மூணு நாள் ட்ரை பண்ணிட்டு தேறலைனா நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்டயே கேளுங்க, அப்படி நாள் குறிச்சு முயற்சி பண்றதும் உண்டு. ஆனா அப்பா தெளிவா வேணாம்னு சொல்லிட்டாரே, அது தான் முன்னாடி நிக்கணும்.

சும்மா_வந்தேன்

மேல நான் பேசினதுல பாதிக்கு பத்திரம் எழுதுறவர் பதில் சொல்லிட்டாரு. இன்னும் எனக்கு முழுசா சம்மதம் இல்ல, கிராமத்துல ரெண்டு குழு மூணு டாக்டர்னு எங்க போய் கூட்டுறதுன்னு தெரியல, பெரிய ஆஸ்பத்திரி இருக்குற ஊருக்கு தான் இந்தச் சட்டம் ஆகும். ஆனா தறி அப்பா இருட்டுல சொன்னாரு பாருங்க, அத படிச்சுட்டு ஊர்ல அம்மாவுக்கு போன் பண்ணேன். எதுவும் கேக்கல, சும்மா பேசினேன். அண்டாவுக்கு அடில பத்திரம் வைக்கிற பழக்கம் எங்க வீட்லயும் உண்டு, கரையான் பாத்துக்கங்க.

மாடக்குளத்துக்காரி

கரையான விட பங்காளிய பாத்துக்கங்க 😄

சென்னிமலை_தறி

அண்டாவ நகத்தி பத்திரத்த எடுத்துட்டேனுங்க, ஜெராக்ஸ் போட்டு அக்கா வீட்ல ஒண்ணு குடுத்தாச்சு. பத்திரம் எழுதறவரு அண்ணா, அந்த ஆஸ்பத்திரி பேப்பருக்கு சாட்சியா பட்டறைல வேலை செய்யறவங்க ரெண்டு பேரு கையெழுத்து போட்டா செல்லுங்களா? அக்காவும் போடலாமுங்களா?

பத்திர_ஆபீஸ்_வாசல்

பட்டறைக்காரங்க ரெண்டு பேர் தாராளமா போதும், சொந்தம் இல்லாத ஆளா இருக்குறது தான் நல்லது. அக்கா முடிவு சொல்றவங்களா உள்ள வர்றாங்க, அவங்கள சாட்சில சேர்க்காதீங்க. அவங்க ஊர்ல இல்லாத நேரத்துக்கு உங்க பேர இரண்டாவதா போடச் சொல்லி அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, சுருக்குன்னது கொஞ்சம் குறையும். அப்பா, சாட்சி எல்லாரும் ஆதார் அசலும் நகலும் எடுத்துட்டு போகணும். அப்பாவால படி ஏற முடியாதுன்னா நோட்டரிய வீட்டுக்கு வரச் சொல்லுங்க, வருவாங்க, வண்டிச் செலவு கேப்பாங்க. மூணு நாலு பிரதி போடுங்க, ஒண்ணு அக்காகிட்ட, ஒண்ணு வழக்கமா பாக்குற டாக்டர் ஃபைல்ல, ஒண்ணு நகராட்சி இல்ல பேரூராட்சில குடுத்து ஒப்புதல் வாங்கி வைங்க, வாங்க மறுத்தா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி ரசீத ஒட்டி வைங்க.

சென்னிமலை_தறி

சரிங்கண்ணா. சனிக்கிழமை நோட்டரி இருப்பாங்களா?

பத்திர_ஆபீஸ்_வாசல்

மதியம் வரைக்கும் இருப்பாங்க. எதுக்கும் போன் பண்ணிட்டு போங்க.